பாத்தா தெரிகிற துப்பாக்கி

கோப்பெங் பக்கம் ‘செனாப்பாங் பாத்தா’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மலாய் மொழியில் ‘பாத்தா’ என்றால் முறிந்தது. குழலும் கட்டையும் சேருகிற இடத்தில் ஒரு கீல் இருக்கும். மேலே உள்ள நெம்பைத் தள்ளினால் முழங்கை மடங்குவதுபோலத் துப்பாக்கி மடங்கித் திறக்கும். ஒற்றைக்குழல் என்றால் ஒரு தோட்டா, இரட்டைக்குழல் என்றால் இரண்டு. சுட்டபிறகு மறுபடி திறந்து, காலித் தோட்டாவை எடுத்து, புதியதைப் போட்டு மூட வேண்டும். தோட்டத்துக் காவல்காரர், கம்பத்து ஆட்கள், பழத்தோட்டம் வைத்திருக்கிற சீனர் என்று எல்லாரிடமும் பல காலமாக இருந்தது இதுதான். நம் ஆட்கள் வாயில் அந்தப் பேர் தமிழாகவே ஆகிவிட்டது. “பேரே பாத்தா. உள்ள தோட்டா இருக்கா இல்லையான்னு பாத்தா தெரிஞ்சிரும்ல!” என்று ஒரு பெரியவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாகவே நின்றுவிடவில்லை.

இப்போது வாலிபப் பிள்ளைகள் கேட்பது வேறு. உறவில் ஒரு பையன். அப்பா விட்டுப்போன சின்ன செம்பனை நிலம் மலையடிவாரத்தில் இருக்கிறது. புதிதாக நட்ட கன்றுகளைப் பன்றிகள் குருத்தோடு பிடுங்கிப் போட்டிருந்தன. “மாமா, ஒரே துப்பாக்கியா வேணும். பன்னிக்கும் ஆகணும், காட்டுக்கோழிக்கும் ஆகணும், கிளப்புல தட்டு சுடறதுக்கும் ஆகணும். ஜாம் ஆகவே கூடாது. செமி ஆட்டோல எது நல்லது?” என்றான். கேட்டதும் கிடைக்கிற நாடு இல்லை இது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் தருவதா இல்லையா என்பது போலீஸ் கையில். வேட்டையாட 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்ஹிலித்தான் உரிமம் தனியாக வேண்டும். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். விண்ணப்பிக்கும் முன் எதைக் கேட்பது என்று முடிவு பண்ணப் பார்க்கிறான்.

கேள்வி நியாயமானது. பாதிக் கேள்விக்கு நேரான பதிலும் இருக்கிறது. செமி ஆட்டோ ஷாட்கன் புதுச் சரக்கு இல்லை. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்த ஆட்டோ-5 துப்பாக்கியை பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை 1902இல் செய்யத் தொடங்கியது. வின்செஸ்டர் நிறுவனத்தோடு பணப் பேச்சு ஒத்துவராமல்தான் பிரௌனிங் கடல் தாண்டிப் போனார். அந்தத் துப்பாக்கியில் வெடித்த வேகத்தில் குழலே பின்னுக்கு ஓடிவந்து, திரும்பிப் போகும்போது அடுத்த தோட்டா ஏறும். 1998 வரை அதைச் செய்துகொண்டிருந்தார்கள். இன்று பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, வெடிவாயுவில் கொஞ்சத்தைக் குழலிலுள்ள துளைகள் வழியாகத் திருப்பி பிஸ்டனைத் தள்ளுவது. தோளில் உதை குறைவு, பலவிதத் தோட்டாவையும் ஏற்கும், ஆனால் கரி படியும். இன்னொன்று, இத்தாலியின் பெனெல்லி பிரபலமாக்கிய வகை. துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது உள்ளே உள்ள கனமான போல்ட் அசையாமல் நிற்கப் பார்க்கிறது. அந்த இடைவெளியில் அமுங்குகிற கெட்டியான சுருள்வில்தான் மீதி வேலையைச் செய்கிறது. கரி அதிகம் உள்ளே போகாது, பாகங்களும் குறைவு. ஆனால் தட்டு சுடுகிற 24 கிராம் லேசான தோட்டாவைப் போட்டாலோ, விளக்கு அது இது என்று துப்பாக்கியின் கனத்தைக் கூட்டினாலோ சில சமயம் அடுத்தது ஏறாமல் நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் ஒன்று வேண்டும் என்றால் பன்னிரண்டு போர், வாயு வகை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈரத்தில் எந்த வகையானாலும் ஒரு வாரம் துடைக்காமல் வைத்தால் துரு பிடிக்கும். ஆக, எது ஜாம் ஆகாது? துடைக்கிறவன் துப்பாக்கி ஜாம் ஆகாது. கடைக்காரர் இதை அவ்வளவு சத்தமாகச் சொல்ல மாட்டார்.

மீதிப் பாதிக்குத்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. ‘நம்பகமானது’ என்ற சொல்லை மோட்டார் சைக்கிளுக்கும் அரிசிக் குக்கருக்கும் சொல்வதுபோலவே துப்பாக்கிக்கும் சொல்கிறோம். குக்கர் நின்றுபோனால் சோறு வேகாது, அவ்வளவுதான். அந்த நம்பகத்தில் சம்பந்தப்பட்டவர்கள் குக்கரும் நானும் மட்டும். துப்பாக்கியில் அப்படி இல்லை. முன்னால் ஒரு உயிர் நிற்கிறது. பின்னால் ஒரு ஆள் நடந்து வருகிறான். ‘யாருக்கு நம்பகம்?’ என்று கேட்டால் விற்பனைத் தாளில் உள்ள எந்த வரியும் பதில் சொல்லாது.

முதலில் முன்னால் நிற்பதைப் பார்ப்போம். பன்றியின் இதயம் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. முன்காலுக்கு ஒட்டி, ரொம்பக் கீழே இருக்கிறது. முதிர்ந்த ஆண் பன்றிக்குத் தோள் பக்கம் தடித்த கேடயம் மாதிரி ஒரு படலம் வேறு. எஸ்.ஜி. தோட்டா ஒன்றில் பொதுவாக ஒன்பது ஈயக்குண்டுகள். 20 மீட்டரில் அவை ஒரு கொத்தாகப் போகும். 40 மீட்டரில் பரந்து, ஒன்று வயிற்றில், ஒன்று பின்தொடையில் என்று படும். வயிற்றில் பட்ட பன்றி விழாது, ஓடும். செம்பனை வரிசையைத் தாண்டிப் புதருக்குள் நுழைந்துவிட்டால் இரத்தத் தடம் பார்த்துத்தான் போக வேண்டும். நம் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு மழை இறங்கினால் அந்தத் தடமும் போச்சு. எங்கோ ஒரு பள்ளத்துச் சேற்றில் அது ஒரு நாளோ இரண்டு நாளோ கிடந்து சாகும். வேட்டைக்காரர்கள் கொன்ற கணக்கைச் சொல்வார்கள். இந்தக் கணக்கை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

செமி ஆட்டோவுக்கான வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வெடியில் காயப்பட்ட விலங்கை, கண்ணை எடுக்காமல், ஒரு நொடிக்குள் இரண்டாம் வெடியில் முடிக்கலாம். ஒற்றைக்குழல் பாத்தாக்காரன் திறந்து, எடுத்து, போட்டு, மூடி, மறுபடி தோளில் வைப்பதற்குள் பன்றி போய்விடும். அப்படியானால் வேகமான துப்பாக்கிதானே இரக்கமுள்ள துப்பாக்கி? இரட்டைக்குழலும் இரண்டாம் வெடியை உடனே தருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. உண்மையான வழக்கு மூன்றாவது தோட்டாவிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த வழக்குக்கு நூறு வயதுக்கு மேல். வில்லியம் டெம்பிள் ஹார்னடே என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1913இல் அழிந்துவரும் காட்டுயிர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் தானியங்கி, பம்ப் வகை ஷாட்கன்களை வேட்டையிலிருந்தே விலக்கச் சொல்லி வாதாடினார். விலக்கவில்லை, எண்ணிக்கையைத்தான் குறைத்தார்கள். அமெரிக்காவில் 1935 முதல் வலசைப் பறவைகளைச் சுடும் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. நீளமான குழாயில் ஒரு கட்டையைச் செருகி அடைத்துவிட வேண்டும். ஐரோப்பாவின் 1979ஆம் ஆண்டு பெர்ன் உடன்படிக்கை, இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளும் தோட்டாக் கூடு உள்ள செமி ஆட்டோவைத் தடைசெய்யப்பட்ட முறைகளின் பட்டியலில் வைத்தது. கூட்டில் இரண்டு, குழலில் ஒன்று. அங்கேயும் மூன்று. இந்த மூன்றை யாரும் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கவில்லை. மனிதனுடைய ஆசைக்கும் விலங்கின் பிழைப்புக்கும் நடுவே நடந்த பேரம் இது. எனக்கு நல்ல பேரமாகத்தான் படுகிறது.

ஆனால் எண்ணிக்கை மட்டும் பிரச்சினை இல்லை. பின்னால் நான்கு காத்திருக்கிறது என்று தெரிந்தால் முதலாவது மலிவாகிவிடுகிறது. பாத்தாக்காரன் பன்றி பக்கவாட்டில் திரும்புகிறவரை காத்திருப்பான். திரும்பாவிட்டால் விட்டுவிடுவான். அவன் நல்லவன் என்பதால் இல்லை, வேறு வழி இல்லை என்பதால். ஐந்து தோட்டாக்காரன் பின்பக்கம் தெரிந்தாலே ஒன்றை அனுப்பிப் பார்க்கலாம் என்று நினைப்பான். அவன் கெட்டவன் என்பதால் இல்லை, முடிகிறது என்பதால். காயத்தை முடித்துவைக்க வந்த வசதியே காயத்தைக் கூட்டவும் செய்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, சரியான மறுப்பு. இல்லாமையால் வருகிற ஒழுக்கம் ஒழுக்கமா? காசில்லாதவன் குடிக்காமல் இருப்பதைப் பெருமையாகச் சொல்ல முடியுமா? தோட்டா ஒன்றுதான் கொள்ளும் என்பதற்காகப் பொறுமையாக இருந்தவனுக்கு என்ன புண்ணியம்? நான் இதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். நம்முடைய அடக்கத்தில் பெரும்பகுதி இப்படி ஏற்பாடு பண்ணி வந்ததுதான். சீனிக்காரர் வீட்டில் பலகாரத்தை மேல் தட்டில் வைக்கிறோம். கடன் வாங்குகிறவன் சம்பள அட்டையை மனைவியிடம் கொடுத்துவைக்கிறான். ஏற்பாட்டைச் செய்த நேரத்தில் அவன் நிதானமாக இருந்தான், அந்த நிதானம் அவனுடையதுதான். ஐந்து தோட்டாத் துப்பாக்கியை வாங்க வசதி உள்ளவன் இரட்டைக்குழலை எடுத்தால் அதை இல்லாமை என்று சொல்ல முடியாது. செமி ஆட்டோவை வாங்கிவிட்டு விடியற்காலையில் குழாய்க்குள் இரண்டே இரண்டைத் தள்ளுகிறவனும் அதே இடத்தில்தான் நிற்கிறான். பன்றி எதிரே வந்து நிற்கும்போது எடுக்கிற முடிவைவிட இந்த முடிவை நான் அதிகம் நம்புவேன். அப்போது மூச்சு சீராக இருக்கிறது.

‘எல்லாத்துக்கும் ஒண்ணு’ என்ற ஆசைக்கு வருகிறேன். இது நமக்குப் பழைய ஆசை. புறநானூற்றில் வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கும். பல்நோக்கு ஆயுதத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. பாட்டாகப் படிக்க எனக்குப் பிடிக்கும். ஆனால் கையில் பல்நோக்குக் கருவி இருந்தால் கண்ணுக்குப் பல நோக்கங்கள் தெரிய ஆரம்பிக்கும். பன்றிக்கென்று போனவன் காட்டுக்கோழியைப் பார்க்கிறான், தோட்டா மாற்றினால் போதும். குரங்கு தெரிகிறது. ‘பலவற்றுக்கு ஆகும்’ என்பது துப்பாக்கியின் குணமாகத் தொடங்கி, வைத்திருப்பவனின் குணமாக முடிகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் காலன் இக்கஸ் என்ற ஆய்வாளர் 1996இல் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 47 காட்டுப்பன்றிகள் இருப்பதாகக் கணக்கிட்டார். இயற்கைக் காட்டில் எதிர்பார்க்கிற அளவைவிட ரொம்ப அதிகம். அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. அடித்துத் தின்னும் புலி இல்லை. சுற்றியுள்ள செம்பனையில் வருஷம் முழுக்கப் பழம். கோப்பெங் மலையடிவாரத்தைப் பார்க்கிறவர்களுக்கு இதை நம்புவது கஷ்டமாக இருக்காது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தோம், புலியை இல்லாமல் ஆக்கினோம். தேசியக் கணக்கெடுப்பின்படி நாட்டின் காட்டில் இப்போது 150 புலிகூட இல்லை. பிறகு பெருகிய பன்றியைப் ‘பூச்சி’ என்று சொல்லித் துப்பாக்கி தேடுகிறோம். பையனுடைய கன்றுகள் போனது நிஜம், அவன் நஷ்டமும் நிஜம். சுடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. புலி செய்த வேலையை நாம் ஏற்கிறோம் என்றால், அந்த வேலையைச் சுத்தமாகச் செய்கிற கடமையும் சேர்ந்துதான் வருகிறது.

இனி பின்னால் வருகிறவன். ‘பன்னின்னு நெனச்சேன்’ என்ற வாக்குமூலத்தோடு நம் பத்திரிகைகளில் அவ்வப்போது ஒரு செய்தி வரும். கூடப் போன நண்பன், சில சமயம் சொந்தத் தம்பி. புதர் அசைந்தது, கண் மின்னியது, சுட்டுவிட்டான். இதற்கு நம்மிடம் ஒரு பழைய கதையே இருக்கிறது. தசரதன் வேட்டையாடப் போன இரவில், இருட்டில் குடம் நிறைகிற ஓசையை யானை தண்ணீர் குடிப்பதாக எண்ணி அம்பை விட்டான். விழுந்தது கண்தெரியாத பெற்றோருக்குத் தண்ணீர் மொள்ள வந்த பிள்ளை. ஓசையை வைத்தே குறிபார்த்து அடிக்கிற வித்தை அவனுக்குத் தெரியும். அன்றைக்கும் அம்பு குறி தவறவில்லை. அவனுடைய வில்லைவிட நம்பகமான ஆயுதம் கேட்க முடியாது. ஆயுதம் நூற்றுக்கு நூறு சரியாக வேலை செய்ததால்தான் அந்தப் பிள்ளை செத்தான். துப்பாக்கிக் கடையில் நம்பகம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வந்துவிடுகிறது.

அந்தப் பெரியவரின் வேடிக்கை எனக்கு வேடிக்கையாக நிற்காததற்குக் காரணமும் இதுதான். வேட்டை முடிந்து வரிசையாக இறங்கி வரும்போது பாத்தாவைத் திறந்து முழங்கையில் மடித்துப் போட்டுக்கொள்வார்கள். பின்னால் வருகிறவனுக்குக் குழல் வழியாக வெளிச்சம் தெரியும். உள்ளே எதுவும் இல்லை என்பதை அவன் யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்கிறான். செமி ஆட்டோவில் போல்ட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நடக்கலாம், நடக்க வேண்டும். ஆனால் அதைக் கிட்டே வந்துதான் பார்க்க முடியும். மூடியிருந்தால் உள்ளே ஒன்று ஏறியிருக்கிறதா என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. ‘காலிதான், நம்புடா’ என்ற வாய்வார்த்தைதான் மிச்சம். வேகத்தையும் குறியையும் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். மற்றவன் கண்ணால் சரிபார்க்கக்கூடிய பாதுகாப்பு என்ற குணத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் நம்பகத்தின் பெரிய பாதி.

கண்ணுக்குத் தெரியாத துப்பாக்கி என்றால் இந்த மாநிலத்தில் பழைய பயம் ஒன்று எழும்பும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசு கேட்டும் நிற்கவில்லை. தோட்டத்தில் துப்பாக்கி எப்போதும் துரை பக்கம், காவல் பக்கம். நம் பக்கம் வந்தால் அது சாவு. செமி ஆட்டோ வேண்டும் என்று கேட்கிற பையனின் குரலில் பன்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது அதனால்தான். உரிமத்தோடு, தன் பேரில், தன் நிலத்தில் ஒரு துப்பாக்கி. அதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நிமிர்வுக்குத் தேவைப்படுகிற துப்பாக்கி வேறு, பன்றிக்குத் தேவைப்படுகிற துப்பாக்கி வேறு. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதினால் பெரியதுதான் ஜெயிக்கும்.

ஈப்போ என்ற பேரே ஒரு நஞ்சு மரத்தின் பேர். அந்த மரத்துப் பாலைத் தடவிய ஊசிகளைத்தான் பூர்வகுடி மக்கள் ஊதுகுழலில் வைத்து ஊதினார்கள். கோப்பெங்குக்கு மேலே உலு கெரோ பக்கம் செமாய் மக்கள் இருக்கிறார்கள். அவர்களைப் புனிதர்களாக்க எனக்கு விருப்பமில்லை. அவர்களும் கொன்று தின்கிறவர்கள்தான், துப்பாக்கியும் பழகியவர்கள்தான். ஆனால் அவர்களிடம் ஒரு விலக்கு இருப்பதை மானுடவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். விலங்கைக் கேலி செய்யக் கூடாது, அதை வைத்துச் சிரிக்கக் கூடாது, செய்தால் இடியும் புயல்மழையும் வரும். கொல்லலாம், சிரிக்கக் கூடாது! செத்த பன்றியின் வாயில் சிகரெட்டைச் செருகிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற நம் ஆட்களைப் பார்க்கும்போது, வேட்டையைப் பற்றி இதைவிடக் கூர்மையான சட்டம் நான் எங்கும் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

பையனிடம் நான் சொன்னது இவ்வளவு பெரிதாக இல்லை. முதல் இரண்டு வருஷம் இரட்டைக்குழல் பாத்தா வாங்கு என்றேன். முகம் சுருங்கியது. “பழசு மாமா அது” என்றான். சரி, செமி ஆட்டோதான் என்றால் வாயு வகை, பன்னிரண்டு போர், கனம் கொஞ்சம் கூடுதலாக, மேலே எதையும் மாட்டாதே, தோட்டா மூன்றுக்கு மேல் ஏற்றாதே, தட்டு சுடுகிற அன்று தவிர. இறங்கி வரும்போது போல்ட்டைத் திறந்து, கூட வருகிறவனைக் கூப்பிட்டு விரலை விட்டுப் பார்க்கச் சொல். உரிமம் கிடைத்ததும் நேராகக் காட்டுக்குப் போகாதே. கிளப் திடலில் அனுமதி வாங்கி ஒரு பெரிய தாளை மாட்டு. அதில் தேங்காய் அளவுக்கு ஒரு வட்டம் போடு, பன்றியின் நெஞ்சு அவ்வளவுதான். 20 மீட்டரில் ஒன்று, 30இல் ஒன்று, 40இல் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் புதுத் தாள். ஒன்பதில் எத்தனை வட்டத்துக்குள் விழுந்தது என்று எண்ணு. மீதி எங்கே விழுந்தது என்றும் எண்ணு.

“மீதிய எதுக்கு மாமா எண்ணணும்?” என்றான்.